மைக் கை, சுத்தக் கை: இருவர் சேர்ந்து பொங்கல் வாழ்த்து அட்டை அச்சிடும் முறை

பொங்கல் வாழ்த்து அட்டையைத் தனியாளாக உட்கார்ந்து அச்சிட்டால் பானை அழகாக விழுந்திருக்கும். ஓரத்தில் கட்டைவிரல் ரேகையும் கூடவே விழுந்திருக்கும். மை தொட்ட கையே தாளையும் எடுத்து வைக்க வேண்டியிருப்பதால் வரும் வினை இது. ஈரத்துணியில் எத்தனை முறை துடைத்தாலும் நகக்கண்ணில் ஒதுங்கிய மை ஏதாவது ஓர் அட்டையில் இறங்கியே தீரும். இருவர் சேர்ந்தால் இந்தத் தொல்லை அடியோடு போய்விடும். ஒருவர் மைக் கை: அச்சும் பேடும் அவர் பொறுப்பு, தாளைத் தொடவே மாட்டார். இன்னொருவர் சுத்தக் கை: தாளை வைப்பது, நேர் பார்ப்பது, எடுத்து உலர்த்துவது எல்லாம் அவர் வேலை. பேச்சுத் துணைக்காகத் தோழியையோ நண்பரையோ அழைப்பவர்கள் இந்த ஒரு பிரிவினையை மட்டும் கடைப்பிடித்தால் போதும், அட்டையின் தரம் அன்றைக்கே மாறிவிடும்.

இங்கே சொல்லியிருப்பது 20 அட்டைக்கான கணக்கு, ஆளுக்குப் பத்து. படம் எளிமையானது: பின்னால் மஞ்சள் சூரியன், முன்னால் பழுப்புப் பானை, இரு பக்கமும் கரும்பு, கீழே பொன் நிறத்தில் மேடாக எழுந்து நிற்கும் வாழ்த்து வரி. வேலையை இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் தாள் வெட்டுவதும், அச்சு செதுக்குவதும், வண்ணம் அச்சிடுவதும். மறுநாள் பொன் எழுத்தும் கவரும். நடுவில் ஓர் இரவு கட்டாயம் வேண்டும். ஏன் என்பது பொன் எழுத்துக்கு வரும்போது தெரியும்.

கவர் முதலில், தாள் பிறகு

அட்டையை ஆசையாகச் செய்து முடித்துவிட்டு அதற்கேற்ற கவர் தேடிக் கடை கடையாக அலைவது பலருக்கும் நேர்வது. அதனால் முதலில் கவர். சி6 அளவு (114 × 162 மி.மீ.) கிடைத்தால் நல்லது. ஏ4 தாளைப் பாதியாக வெட்டி மடித்தால் வரும் அட்டை 105 × 148 மி.மீ.; அது சி6 கவருக்குள் இறுக்கமில்லாமல் நுழையும்.

தாள் 250 முதல் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) கனத்தில், பளபளப்பு இல்லாத வெள்ளை ஐவரி ஷீட், ஏ4 அளவில் 12. ஒரு தாளுக்கு இரண்டு அட்டை என 24 வரும். அந்த நான்கு உபரியும் செலவாகிவிடும், கவலை வேண்டாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் சார்ட் பேப்பர் மெலிது. மடித்து மேசையில் நிறுத்தினால் சாயங்காலத்துக்குள் வளைந்து சாய்ந்துவிடும். போட்டோ பேப்பர் மாதிரி பளபளக்கும் தாளில் மை உள்ளே இறங்காது, மேலேயே நின்று விரல் பட்டதும் இழுபடும். கையால் செய்த சொரசொரத் தாள் பார்க்க அழகுதான். ஆனால் நீர்த்த மை அதன் நார் வழியே ஓடி, கோட்டின் ஓரத்தைப் பஞ்சு மாதிரி ஆக்கிவிடும். பெரிய உருவம் மட்டும் அச்சிடுவதானால் அதை எடுங்கள், எழுத்துக்கு வேண்டாம்.

தாளுக்கு நார்வாக்கு உண்டு. தாளை மடிக்காமல் லேசாக வளைத்துப் பாருங்கள்: ஒரு திசையில் இணங்கி வளையும், இன்னொரு திசையில் முரண்டு பிடிக்கும். இணங்கி வளையும்போது மடிப்புக் கோடு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதுதான் நார்வாக்கு. ஏ4 தாள்களில் பெரும்பாலும் அது நீளவாக்கில் இருக்கும். 297 மி.மீ. பக்கத்தைச் சரிபாதியாக வெட்டி, கிடைத்த துண்டை 105 மி.மீ.யில் மடித்தால் மடிப்பு நார் போகும் வழியிலேயே விழும், விளிம்பு கத்தி போல் நிற்கும். அதே ஏ4 தாளை நீளவாக்கில் இரண்டு பட்டையாக வெட்டி மடித்தாலும் அதே அளவு அட்டைதான் கிடைக்கும். ஆனால் மடிப்பு நாரைக் குறுக்கே உடைத்துக்கொண்டு போகும். மடித்த இடத்தில் வெள்ளை வெள்ளையாக வெடிப்பு தெரிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

மடிக்கும் கோட்டை முதலிலேயே அழுத்தி வைத்துக்கொள்ள வேண்டும். இதற்கென்று விற்கும் கருவி தேவையில்லை. தீர்ந்துபோன பால்பாயிண்ட் ரீஃபில் போதும். ஸ்டீல் ஸ்கேலை வைத்து, 105 மி.மீ. குறியில் ஒரே சீரான அழுத்தத்தில் இரண்டு முறை இழுங்கள். தாள் கிழியக்கூடாது, பள்ளம் மட்டும் விழ வேண்டும். இப்போது மடிக்காதீர்கள். மடித்த அட்டையின் மேல் அச்சு குத்தினால் அடியிலிருக்கும் மடிப்பு ஒரு பக்கம் தூக்கி, அச்சு சமமாக விழாது. விரித்த தாளில் அச்சிட்டு, கடைசியில் மடிப்பதே முறை.

அச்சு செதுக்குதல்

பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரிலேயே அருமையான அச்சு செதுக்கலாம். மிருதுவான பிளாஸ்டிக் ரகமாக இருக்க வேண்டும். பேனா மை அழிக்கும் சொரசொரப்பான ரகம் கத்தி பட்டதும் பொடிந்து உதிரும். பானைக்கு 4 செ.மீ. அகலமுள்ள பெரிய ரப்பர் ஒன்று. அவ்வளவு பெரிது கிடைக்காவிட்டால் இரண்டை ஒட்டிச் சேர்க்க வேண்டாம். ஒட்டிய கோடு ஒவ்வொரு பானையிலும் விரிசலாக விழும். பானையைச் சிறிதாக்கிக்கொள்ளுங்கள். ரப்பரின் ஒரு முகத்தில் கம்பெனிப் பெயர் பதிந்திருக்கும், அடுத்த முகத்தை எடுங்கள். சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்தால் மேலிருக்கும் வழுக்கலும் தூளும் போய் மை ஒட்டும்.

பானையை டிரேசிங் பேப்பரில் 4பி பென்சிலால் அழுத்தி வரையுங்கள். தாளைக் கவிழ்த்து ரப்பர்மேல் வைத்து, நகத்தின் முதுகால் தேய்த்தால் படம் ரப்பரில் இடம் வலம் மாறி இறங்கும். அப்படித்தான் இறங்க வேண்டும்; தாளில் குத்தும்போது மறுபடி திரும்பி நேராகும். பானைக்கு இது பெரிதில்லை, எழுத்துக்கு உயிர்நாடி. ‘ப’வை இடம் வலம் திருப்பினாலும் ‘ப’வாகவே இருக்கும். அதை மட்டும் செதுக்கிச் சோதித்துவிட்டு ‘சரியாகத்தான் இருக்கிறது’ என்று நம்பி மேலே போனால், ‘க’வும் ‘ல’வும் தாளில் தலைமாறி நிற்கும்.

செதுக்க லினோ கட்டரின் (அச்சு செதுக்கும் சிறு உளி) மிகச்சிறிய ‘வி’ அலகு வசதியானது. அது இல்லாவிட்டால் பேப்பர் கட்டர். மனதில் வைக்க வேண்டியது ஒன்று: நிற்கும் கோட்டின் சுவர் மலையடிவாரம் மாதிரி கீழே அகன்று சரிய வேண்டும். கத்தியைக் கோட்டுக்கு அடியில் உள்நோக்கிச் சாய்த்து வெட்டிவிட்டால் மேலே கோடு இருக்கும், அடியில் தாங்க ஆளிருக்காது. அழுத்தும்போது அது ஒரு பக்கமாகச் சாயும், சில குத்துக்குப் பிறகு பிய்ந்தே போகும். கோடு 1 மி.மீ.க்குக் குறையக்கூடாது. கோட்டுக்குப் பக்கத்தில் 2 மி.மீ. ஆழம் போதும். வெறுமையாக விட வேண்டிய பெரிய பரப்பை 3 மி.மீ. வரை தோண்டி எடுங்கள். வளைவில் கத்தியைத் திருப்பாதீர்கள். கத்தி நிலையாக நிற்க, இடது கையால் ரப்பரை மெதுவாகச் சுழற்றுங்கள். பானை வயிற்றின் வளைவு அப்போதுதான் உடையாமல் ஒரே இழுப்பில் வரும். பிடித்திருக்கும் விரல்கள் எப்போதும் கத்திக்குப் பின்னால்.

பத்து வெட்டுக்கு ஒருமுறை வெளிர் நிற மையில் ஒரு சோதனைக் குத்து குத்திப் பாருங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது, வெட்டாததை எப்போது வேண்டுமானாலும் வெட்டலாம். கழுத்தில் வெள்ளைக் கோடு, விளிம்பில் பால் பொங்கி வழியும் மூன்று நான்கு வளைவு, வயிற்றில் ஒரு மஞ்சள் கொத்து என்று எல்லாவற்றையும் 35 மி.மீ. பானைக்குள் திணிக்க ஆசை வரும். கழுத்துக் கோடும் பால் வளைவும் போதும். பானை என்று ஒரு நொடியில் தெரிவதற்கு அந்த வழியும் பால்தான் வேண்டும்.

கரும்புக்குத் தனியாகப் படம் வரையவே தேவையில்லை. ரப்பரில் 6 × 18 மி.மீ. செவ்வகம் ஒன்று வெட்டி எடுங்கள். அதைக் கீழிருந்து மேலாக ஐந்து முறை, நடுவில் 1 மி.மீ. இடைவெளி விட்டுக் குத்தினால் அந்த இடைவெளியே கணுவாகிவிடும். 94 மி.மீ. உயரத்தில் ஒரு பன்னீர்க் கரும்பு நிற்கும். இடைவெளி ஒரே அளவில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கரும்பின் கணுவும் அப்படித்தான். தோகைக்கு 30 மி.மீ. நீளத்தில் வளைந்து கூர்ந்த இலை ஒன்று. அதையே சாய்த்துச் சாய்த்து மூன்று நான்கு முறை உச்சியில் குத்தினால் போதும்.

வாழ்த்து வரியை முதல் முயற்சியிலேயே செதுக்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. ‘ழ’, ‘ள’, ‘ண’ போன்ற எழுத்துகளின் சுழிக்குள் இருக்கும் வெள்ளைப் புள்ளி, எழுத்தின் உயரம் 15 மி.மீ.க்குக் கீழே போனால், கத்திக்கு எட்டாது. எட்டினாலும் மை அடைத்துக்கொள்ளும். உங்களில் யார் கையெழுத்து நன்றாக இருக்கிறதோ அவரை வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் எழுதச் சொல்லி, ஊரிலிருக்கும் ரப்பர் ஸ்டாம்ப் கடையில் கொடுங்கள். அலுவலக முத்திரை செய்யும் அதே கடைதான். மை உள்ளேயே நிரப்பிய தானியங்கி ரகம் வேண்டாம், கைப்பிடி மட்டும் வைத்த வெறும் அச்சாகக் கேளுங்கள். மை நிரப்பியதில் வேறு நிறம் போட முடியாது, பொன் தூளும் நில்லாது. கொடுப்பதற்குமுன் ஒருமுறை எழுத்துக்கூட்டிப் பாருங்கள்: ‘வாழ்த்துகள்’ என்பதுதான் சரி, நடுவில் ‘க்’ வராது. கணினியில் அடித்ததை அழித்துத் திருத்தலாம், ரப்பரில் விழுந்தது எல்லா வருஷமும் அப்படியே பேசும்.

காய்கறியும் கைகொடுக்கும். வெண்டைக்காயைக் காம்புப் பக்கம் குறுக்கே நறுக்கினால் ஐந்து இதழ்ப் பூ. அட்டையின் அடியில் கரை கட்ட அதைவிடச் சுலபமான அச்சு இல்லை. நறுக்கியதும் குத்தாதீர்கள். வெண்டையின் கொழகொழப்பு மையை நீர்க்கவைத்து, பூவைக் கறையாக்கிவிடும். நறுக்கிய முகத்தைச் செய்தித்தாளில் கவிழ்த்துப் பத்து நிமிடம் விட்டு, துடைத்துவிட்டு எடுங்கள். முற்றிய காயே நல்லது, பிஞ்சு அழுத்தத்தில் நசுங்கும். வாழை மட்டையைக் குறுக்கே வெட்டினால் பிறை வடிவில் சன்னல் சன்னலாக ஓர் அச்சு விழும். இவற்றுக்கு ஸ்டாம்ப் பேடைவிட, ஈரமாக்கிப் பிழிந்த ஸ்பாஞ்சில் தடவிய போஸ்டர் கலர் நன்றாக ஒட்டும், பேடும் கெடாது.

மையின் குணம்

கடையில் கிடைக்கும் மைகளில் இரண்டு வகையைப் பிரித்தறியத் தெரிந்தால் பாதித் தவறு நின்றுவிடும். சாய மை தாளுக்குள் இறங்கும், சில நிமிடத்தில் காயும், அடியிலுள்ள நிறம் தெரியும்; தண்ணீர் பட்டால் பெரும்பாலும் கரையும். நிறமி மை தாளின் மேல் படலமாக நிற்கும், அடர்த்தியாக மூடும், காய மணிக்கணக்கில் ஆகும். அதனால் சூரியனுக்கும் கரும்புக்கும் சாய மை. மஞ்சள் சூரியன்மேல் உட்கார வேண்டிய பானைக்கு நிறமி மை. பானைக்கும் சாய மை போட்டால் சூரியன் பானைக்குள் தெரியும்.

அலுவலக ஸ்டாம்ப் பேடின் ஊதா கரும்புக்கென்றே கலந்த நிறம் மாதிரி இருக்கும். அந்த ஆசையில் பலர் அதை எடுப்பார்கள். அது தாளில் பரவும், ஈரக்கை பட்டால் இழுபடும், பக்கத்து அட்டையையும் ஊதாவாக்கும். வேறு ஊதா கிடைக்காவிட்டால் மட்டும் அதை எடுங்கள். அப்போதும் அச்சை ஒருமுறை கழிவுத் தாளில் குத்திவிட்டு, இரண்டாவது குத்தை அட்டையில் வையுங்கள். மிஞ்சியிருக்கும் மையே போதுமான அடர்த்தி தரும்.

பேடில் அச்சை அழுத்தித் தேய்ப்பது எல்லாரும் செய்யும் தவறு. அழுத்தினால் மை பள்ளத்துக்குள் இறங்கி, தோண்டிய பரப்பின் மேடு பள்ளமெல்லாம் தாளில் விழும். சிறிய அச்சைப் பேடில் நான்கைந்து முறை தட்டி எடுங்கள். பானை மாதிரி பெரிய அச்சை மேசையில் நிமிர்த்தி வைத்து, பேடைக் கையிலெடுத்து அதன்மேல் தட்டுங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஈரம் ஒரே மாதிரி மின்ன வேண்டும். மின்னாத இடம் தாளில் வெளுத்துத் தெரியும்.

அச்சிடும் மேசை

மேசையில் கனமான அட்டைப் பலகை ஒன்றை வைத்து, அதன் மூலையில் இரண்டு பட்டைகளை ‘ட’ வடிவில் ஒட்டுங்கள். சுத்தக் கை ஒவ்வொரு தாளையும் அந்த மூலையில் முட்ட வைப்பார். கரும்பு எங்கே தொடங்க வேண்டும், பானையின் அடி எங்கே வர வேண்டும் என்பதைப் பட்டையின்மேல் பென்சிலால் குறித்துவிட்டால் 24 அட்டையிலும் பானை ஒரே இடத்தில் உட்காரும். தாளுக்கு அடியில் பழைய மவுஸ் பேடு ஒன்று, இல்லையென்றால் பத்துத் தாள் கனத்துக்குச் செய்தித்தாள். அந்த மெத்தை இல்லாமல் வெறும் மேசையில் குத்தினால் செதுக்கலின் சிறு மேடு பள்ளத்தைத் தாள் தொடாது, நடுவில் வெளுத்துப்போகும். ஒரு தாளை விரித்துப் பார்த்தால் மடிப்புக்கு வலப் பக்கம்தான் முன்முகம். அவசரத்தில் இடப் பக்கம் குத்தினால் வாழ்த்து அட்டையின் முதுகில் பானை நிற்கும்.

ஒரு நிறத்தை 24 தாளிலும் முடித்துவிட்டே அடுத்த நிறம். ஒவ்வோர் அட்டையாக முடிக்கப் பார்த்தால் அச்சை 24 முறை கழுவ வேண்டும். வரிசையாகப் போனால் கடைசித் தாளுக்கு வருவதற்குள் முதல் தாளின் சாய மை காய்ந்திருக்கும்.

முதலில் சூரியன். இதற்கு அச்சு வேண்டாம். பழைய பிளாஸ்டிக் ஃபைல் அட்டையில் 55 மி.மீ. வட்டம் வெட்டி எடுத்துவிட்டு, அந்த ஓட்டையைத் தாளில் வைத்துப் பிடியுங்கள். மேக்கப் ஸ்பாஞ்சை மஞ்சள் பேடில் தொட்டு, கழிவுத் தாளில் இரண்டு முறை தட்டிவிட்டு, பிளாஸ்டிக் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி வட்டமாகத் தேயுங்கள். ஓரம் அடர்ந்து நடு வெளுத்தால்தான் வெளிச்சம் மாதிரி இருக்கும். ஸ்பாஞ்சை நேராக நடுவில் வைத்தால் அங்கே ஒரு திட்டு விழும், பிறகு எவ்வளவு தேய்த்தாலும் கலையாது.

அடுத்து கரும்பு, தோகை, கடைசியாகப் பானை. வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பிறகு என்பதே ஒழுங்கு. பானைக்குப் பின்னால் இன்னொரு கரும்பு எட்டிப்பார்க்க வேண்டும் என்று தோன்றினால் மறைப்புத் தாள் போடலாம்: ஒட்டிப் பிரிக்கும் குறிப்புத் தாளின் பசை உள்ள பகுதியில் பானையைக் குத்தி, கோட்டுக்கு ஒரு மயிரிழை உள்ளே வெட்டி, நன்கு காய்ந்த பானையின்மேல் ஒட்டிவிட்டுக் கரும்பைக் குத்துங்கள். தாளைப் பிரித்தால் கரும்பு பானைக்குப் பின்னால் போயிருக்கும். கோட்டுக்கு வெளியே வெட்டினால் பானையைச் சுற்றி வெள்ளை வளையம் தெரியும்.

பானையைக் குத்தும் நொடியைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். மைக் கை அச்சை நேராக இறக்கி, உள்ளங்கையால் மூன்று எண்ணும்வரை அழுத்துகிறார், ஆட்டுவதில்லை. ஆட்டினால் ரப்பரின் ஓரம் தாளைத் தொட்டுப் பானையைச் சுற்றிப் பிறைப் பிறையாகக் கறை விழும். இனி எடுக்க வேண்டும். நிறமி மைக்குப் பிசுபிசுப்பு அதிகம். அச்சோடு தாளும் அரை அங்குலம் எழும்பி வந்து, தொப்பென்று விழும். விழும்போது இழுபட்டுப் பானைக்கு இரட்டை விளிம்பு வந்துவிடும். தனியாகச் செய்பவருக்கு இதைத் தடுக்க மூன்றாவது கை கிடையாது. இருவர் இருக்கும்போது, அச்சு எழும் அதே நேரத்தில் சுத்தக் கை தாளின் இரு மூலைகளையும் இரண்டு விரல் நுனியால் அழுத்திப் பிடிக்கிறார். தாள் மேசையிலேயே நிற்க, அச்சு ‘சிக்’கென்ற சிறு சத்தத்தோடு விடுபடும். அந்தச் சத்தம் வந்தால் அச்சு சுத்தமாக விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

பானை குத்திய தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டாம். தரையில் துணி விரித்துப் பரப்புங்கள். மார்கழிப் பனியில் தாள் ஈரம் குடித்து மை காயத் தாமதிக்கும். சன்னலோரம் வைக்காமல் உள்ளறையில் இரவு முழுக்க விட்டுவிடுங்கள். அட்டையின் அடியில் புள்ளிக் கோலம் வேண்டுமென்றால் பென்சிலின் பின்புறமுள்ள ரப்பரையே புள்ளி அச்சாக வைத்து வரிசை வரிசையாகக் குத்தி, காய்ந்த பின் ஜெல் பேனாவால் கம்பி இழுக்கலாம். மறுநாள் அட்டை காயக் காத்திருக்கும் நேரத்துக்கு ஏற்ற வேலை அது.

பொன் எழுத்து

இரண்டாம் நாள் வேலை இது. நன்றாக வந்தால் அட்டையை வாங்குபவர் முதலில் விரலால் தடவிப் பார்ப்பது இந்த இடத்தைத்தான். தேவையானவை: பொன் நிற எம்பாசிங் பவுடர், எம்பாசிங்குக்கென்று விற்கும் நிறமற்ற மை அல்லது மெதுவாகக் காயும் நிறமி மை, ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி), துணிக் கிளிப், சிறு தூரிகை. பவுடர் என்பது உருகக்கூடிய பொடி; ஈர மையில் ஒட்டும், சூட்டில் உருகிப் பளபளப்பாக இறுகும்.

ஈரமுள்ள எந்த இடத்திலும் அது ஒட்டும் என்பதால்தான் ஓர் இரவு காத்திருக்கச் சொன்னோம். பானை அரைகுறையாகக் காய்ந்திருந்தால் பொன் தூள் பானையிலும் ஒட்டி, சூடு காட்டியதும் அம்மைத் தழும்பு மாதிரி நிரந்தரமாகிவிடும். விரல் எண்ணெய் பட்ட இடத்திலும், காற்றில் வறண்ட தாளின் மின்னூட்டத்தாலும் துகள் ஒட்டும். அதற்கு வைத்தியம் முகப்பவுடர்தான். மெல்லிய துணியில் ஒரு ஸ்பூன் டால்கம் பவுடர் முடிந்து, எழுத்து வரும் இடத்தில் லேசாக ஒற்றித் துடைத்துவிட்டு அச்சைக் குத்துங்கள்.

இங்கே மட்டும் ஒவ்வோர் அட்டையாகத்தான் முடிக்க வேண்டும், மை ஈரமாக இருக்கும்போதே தூள் விழ வேண்டும். மைக் கை வாழ்த்து வரியைக் குத்தியதும் சுத்தக் கை தாளை எடுத்து, மடித்த ஒரு தாளின்மேல் பிடித்துப் பவுடரைக் கொட்டி, சாய்த்துத் தட்டி, மிச்சத்தைப் புட்டியிலேயே திருப்பி ஊற்றுவார். தவறான இடத்தில் நிற்கும் துகளைக் காய்ந்த தூரிகையால் இப்போதே நீக்கிவிடுங்கள், சூடு பட்டபின் கத்தியால் சுரண்டினாலும் வராது. மின்விசிறி ஓடக்கூடாது.

ஹீட் கன்னைப் பத்து விநாடி வெறும் காற்றில் சூடேற்றிவிட்டு, கிளிப்பில் பிடித்த தாளுக்கு 5 செ.மீ. தள்ளிப் பிடியுங்கள். முதலில் சூடாக்காமல் நேராக நீட்டினால் குளிர்ந்த காற்று தூளை ஊதித் தள்ளிவிடும். பழுப்பாக, மணல் மாதிரி இருக்கும் எழுத்து ஓர் ஓரத்தில் திடீரென ஈரமாகிப் பளிச்சிடும். அந்தப் பளபளப்பு நகர நகர நீங்களும் நகருங்கள். ஒரே இடத்தில் நின்றால் தூள் தாளுக்குள் வழிந்து எழுத்து மேடிழந்து எண்ணெய்க் கறை போலாகும். சில நொடி ஆறிய பிறகே தொடலாம். தாள் சூட்டில் வளைந்தால் மடித்தபின் கனமான புத்தகத்துக்கு அடியில் வைத்தால் சரியாகிவிடும்.

தலைமுடி உலர்த்தும் டிரையர் இதற்கு உதவாது. அதில் காற்று அதிகம், சூடு குறைவு. ஹீட் கன் இல்லாதவர்கள் இஸ்திரிப் பெட்டியைக் காட்டன் சூட்டில், நீராவி இல்லாமல் நிமிர்த்தி நிறுத்தி, தாளின் பின்பக்கத்தை அதன் தகட்டுக்கு நெருக்கமாகக் கிளிப்பால் பிடிக்கலாம். சூடு பின்னாலிருந்து வருவதால் தூள் பறக்காது. கொஞ்சம் மெதுவான வழி, ஆனால் நம்பகமானது.

கவரும் தபாலும்

சி6 கவர் கிடைக்காத ஊரில் 100 ஜிஎஸ்எம் ஏ4 தாளிலேயே கவர் செய்யலாம். தாளை நெட்டாக வைத்து, கீழிருந்து 110 மி.மீ.யில் ஒரு கோடு, 220 மி.மீ.யில் இன்னொரு கோடு. இரு பக்கமும் 29 மி.மீ. உள்ளே ஒவ்வொரு கோடு. நடுக் கட்டத்தின் பக்கச் சிறகுகளை மட்டும் வைத்துக்கொண்டு, மேலும் கீழும் உள்ள சிறகுகளை வெட்டி எறியுங்கள். நடுச் சிறகுகளை உள்ளே மடித்து, அதன்மேல் கீழ்க் கட்டத்தைத் தூக்கி ஒட்டுங்கள். மேல் மூடியை 45 மி.மீ.க்கு நறுக்கிவிடுங்கள். 152 × 110 மி.மீ. கவர் தயார். ஃபெவிகாலை மெல்லிசாகத் தடவுங்கள், அதிகமானால் கவர் சுருங்கும், உள்ளே இருக்கும் அட்டையும் ஒட்டிக்கொள்ளும்.

எடையையும் பார்த்துக்கொள்ளுங்கள். 300 ஜிஎஸ்எம் அட்டை ஒன்று ஏறக்குறைய 9 கிராம், கவர் நாலைந்து கிராம். கடிதத்துக்கு முதல் 20 கிராமுக்கு ஒரு கட்டணம், தாண்டினால் அடுத்த படி. உள்ளே இன்னோர் அட்டைத் துண்டை ஒட்டி அலங்கரித்தால் மேலும் 4 கிராம் கூடும், அப்போதும் தப்பிக்கலாம். இரண்டு துண்டு ஒட்டினால் 20-ஐத் தாண்டிவிடும். கவரின் முன்பக்கத்தில் சின்னக் கரும்பு ஒன்றை இடது ஓரத்தில் குத்தலாம். வலது மேல் மூலை தபால்தலைக்கும், வலப் பக்கம் முகவரிக்கும் ஆறு இலக்கப் பின்கோடுக்கும் வெறுமையாக இருக்கட்டும். முகவரியைத் தண்ணீரில் கரையாத பேனாவில் எழுதுங்கள். பொன் எழுத்தைக் கவரின் வெளியே வைக்க வேண்டாம், தபால் முத்திரையும் உராய்வும் அதைக் கீறிவிடும். ஒரு காலத்தில் மார்கழி பிறந்ததும் கடை வாசலில் கயிறு கட்டிப் பொங்கல் வாழ்த்துகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். தை பிறக்கும்முன் வீடு தேடி வந்தால்தான் அதற்கு மதிப்பு. ஜனவரி முதல் வாரத்துக்குள் தபால் பெட்டியில் போட்டுவிடுங்கள்.

எடுத்து வைத்தல்

அச்சுகளை ஈரத்துணியில் ஒற்றித் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். மரப்பிடி போட்டதைத் தண்ணீரில் ஊறப்போட்டால் பசை விடும். தின்னர், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம், ரப்பர் உப்பிப்போகும். சாய மைப் பேடுகளைக் கவிழ்த்து வைத்தால் மை மேற்பரப்புக்கு இறங்கி நிற்கும். செதுக்கிய வெள்ளை ரப்பர்களைப் பிளாஸ்டிக் டப்பாவில் அப்படியே போட்டால் மாதக்கணக்கில் அவை டப்பாவோடு இளகி ஒட்டிக்கொள்ளும். ஸ்கேலோடு சேர்த்து ஜியாமெட்ரி பாக்ஸில் கிடந்த ரப்பர் ஒட்டிக்கொள்வதும் இதனால்தான். ஒவ்வொன்றையும் வெள்ளைத் தாளில் தனித்தனியாகச் சுற்றி, அந்தத் தாளின்மேல் அதே அச்சை ஒருமுறை குத்தி, எந்த மை, எத்தனை தட்டு என்று பென்சிலால் எழுதி, அட்டைப் பெட்டியில் வையுங்கள். பெட்டி ஒருவர் வீட்டிலும் பேடுகள் இன்னொருவர் வீட்டிலும் இருந்தால், அடுத்த மார்கழியில் யார் முதலில் கூப்பிட்டாலும் வேலை தொடங்கிவிடும்.